தையல் பிரித்த புண்ணுக்கு 180 வெள்ளிக்குக் களிம்பா? கொஞ்சம் பொறுங்கள்

பினாங்கில் நடந்தது. ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்புப் பக்கம் வெட்டு. கிளினிக்கில் ஏழாம் நாளே தையலைப் பிரித்து, மேலே ஒன்றும் ஒட்டாமல் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு முனை வாய் பிளந்தது. ஒரு கடையில் பெயரில்லாத டப்பாவில் பழுப்புக் களிம்பும் ஒரு பொட்டலம் மாத்திரையும் கொடுத்து 180 வெள்ளி வாங்கினார்கள். முட்டை, கோழி, மீன் கூடாது என்று பத்தியம் வேறு. மூன்றே நாளில் சிவப்பும் வலியும் அடங்கின. மூன்று வாரம் ஆகியும் புண் மட்டும் மூடவில்லை.

முதல் தவறு கிளினிக்குடையது. முகத்துத் தையலை ஐந்தாம் நாளில் பிரிக்கலாம். முன்னங்காலில் தோல் இழுபட்டு நிற்கும், ரத்த ஓட்டமும் குறைவு, 10 முதல் 14 நாள் வேண்டும். பிரிக்கும்போது தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால்தான் காய்ந்த தோலில் ஸ்டெரிஸ்ட்ரிப் பட்டைகளை வெட்டுக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி அனுப்புவார்கள். ஏற்கெனவே பிளந்து நீர் வடியும் புண்ணை மட்டும் அப்படி இழுத்து மூடக்கூடாது; அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

களிம்புக்கு வருவோம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் இப்படித்தான் நடக்கும்: வீக்கம் சட்டென்று வற்றும், புதுச் சதை வளர்வது நின்றுபோகும். வாங்குமுன் டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கிறதா பாருங்கள். எண்ணை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) வலைத்தளத்தில் தட்டினால் அதே பொருளின் பெயர் வரவேண்டும். எண் இருந்து பெயர் வேறாக வந்தாலும் போலிதான்.

வீட்டில் செய்ய வேண்டியது மலிவு. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, அல்லது பார்மசியில் விற்கும் 0.9 சதவீத உப்புநீர். அதைக் கொண்டு கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைத்து, மெல்லிசாக வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டு போடுங்கள். நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், நனைந்தால் உடனே. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு புதுச் சதையையும் கொல்லும். கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தூவும் பழக்கத்தை நம்மவர்கள் எப்போது விடுவார்களோ; தூள் கட்டியாகி அடியில் சீழ் கோக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

பத்தியம் இன்னொரு கேடு. புண் ஆறப் புரதம் வேண்டும்: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. விரால் மீன் சூப் பிடித்தால் குடியுங்கள், விலை கூடிய விரால் சாறு பாட்டில் அவசியமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு உண்ணுங்கள்.

இரண்டு வாரத்தில் புண் சுருங்கவில்லை என்றால் இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பருப்போல சீழ் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே நூல் துண்டு விட்டுப்போயிருக்கலாம். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கோடு போல் மேலே ஏறினாலோ அன்றே மருத்துவமனை.

அந்த மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டாக இருந்தால் அது ஆபத்து. டப்பா, பொட்டலம், ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாநில மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கவும் அவைதான் வேண்டும்.