வீட்டு ஐபியை மறைத்து கேம் சேர்வர் நடத்துதல்: இலவச டனலா, சொந்த வீபிஎஸ்ஸா?

மைன்கிராஃப்ட் சேர்வரை வீட்டுக் கணினியில் இயக்கி, ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசல் எண்) திறந்துவிட்டால், விளையாட வரும் அனைவருக்கும் வீட்டின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் வீட்டு இணைப்பைக் குறிக்கும் எண், தெரிந்துவிடும். அதை வைத்து யாரும் வீட்டு வாசலுக்கு வந்துவிட முடியாது. ஆனால் விளையாட்டில் முறுகிக்கொண்டு போன ஒருவர் அந்த முகவரிக்குக் குப்பைத் தரவை வெள்ளமாக அனுப்பினால், சேர்வரோடு சேர்த்து அடுத்த அறையில் நடக்கும் பிள்ளையின் ஸூம் வகுப்பும் நின்றுபோகும். தரவு ரவுட்டரை எட்டுவதற்கு முன்பே லைன் நிரம்பிவிடுவதால் ஃபயர்வோலும் இங்கே கைகொடுக்காது. திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் சேர்வருக்கு உப்புவெளி, கிண்ணியா, டொரொன்டோ என்று பல இடங்களிலிருந்தும் மருமக்களும் அவர்களின் கூட்டாளிகளும் வருகிறார்கள். கூட்டாளிகளின் கூட்டாளிகளை எனக்குத் தெரியாது. எனவே சிங்கப்பூரில் ஒரு சிறிய வீபிஎஸ் (மாத வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கணினி) எடுத்து, அதையும் வீட்டையும் வயர்கார்ட் என்ற வீபிஎன் மென்பொருள் மூலம் இணைத்துவிட்டேன். வருபவர்கள் காண்பது வீபிஎஸ்ஸின் முகவரியை மட்டுமே. ஏனைய வழிகளைப் பார்த்த பிறகும் என் சாய்வு அதன் பக்கமே.

உங்கள் இணைப்பை வேறொரு முகவரி வழியாகக் காட்டும் வழமையான வீபிஎன் சந்தாக்களைச் சுருக்கமாகவே தள்ளிவிடலாம். உள்ளே வரும் இணைப்புக்குப் போர்ட் திறந்து தருபவை சில மட்டுமே. முல்வாட் என்ற வீபிஎன் நிறுவனம் அந்த வசதியை 2023 இல் நிறுத்திவிட்டது. கிளவுட்ஃபிளேரின் இலவசப் பாதுகாப்பு இணையத்தளங்களுக்கானது, கேம் போர்ட்டுக்கு அது பொருந்தாது. தொலைவிலுள்ள கணினிகளை ஒரே தனிவலையாக்கும் டெய்ல்ஸ்கேல், ஸீரோடியர் போன்றவை அருமையான கருவிகள் என்றாலும், அவை இயன்றவரை இரு கணினிகளையும் நேரடியாகவே இணைப்பதால், உள்ளே வருபவர் உங்கள் உண்மையான முகவரியை ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். நம்பிக்கையானவர்கள் மட்டும் ஆடும் சேர்வருக்கு அவை போதும்.

உண்மையான போட்டி, வருபவர்களைத் தன் கணினி வழியாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் பிளேஇட் போன்ற டனல் சேவைகளோடுதான். ஒரு நிரலை நிறுவினால் பொதுமுகவரி ஒன்று கிடைக்கும். பணமும் வேண்டாம், ரவுட்டரைத் தொடவும் வேண்டாம். பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் 4ஜி இணைப்புகளிலும் (ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்களுடையதும் அந்த வகையே) இது வேலை செய்யும். என்குரோக் என்ற இன்னொரு டனல் சேவையில் யூடிபி என்ற தரவு அனுப்பும் முறை இல்லாததால், 19132 யூடிபி போர்ட்டில் இயங்கும் மைன்கிராஃப்டின் பெட்ரொக் பதிப்புக்கு அது உதவாது. வார இறுதியில் நான்கு பேர் ஆடுவதற்கு டனலே போதுமென்று தயங்காமல் சொல்வேன்.

என் முடிவைத் தீர்மானித்தது தரவு எந்த ஊரில் திரும்பி வருகிறது என்ற ஒரே விடயம்தான். முகவரியை மறைக்கும் எந்த இடைத்தரகரும் பாதையை நீட்டவே செய்யும். உப்புவெளியில் இருப்பவர் என் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் அவர் ஒரு கல்லை உடைத்தால் அந்தச் செய்தி வீபிஎஸ் இருக்கும் சிங்கப்பூருக்குப் போய் உவர்மலைக்கு வந்து, மறுபடி சிங்கப்பூர் வழியாகவே உப்புவெளிக்குத் திரும்புகிறது. இவ்வளவு பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இந்தியாவுக்கு அனுப்பும் தரவுகூட முதலில் தீவைக் குறுக்கே கடந்து கொழும்பை அடுத்த கல்கிசை போன்ற கரைகளுக்குப் போய்த்தான் கடலில் இறங்குகிறது என்பது வேறு கதை. திருகோணமலையிலிருந்து அங்கு வரையான அந்த 260 கிலோமீற்றர், ஒளியிழையில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 1.3 மில்லிசெக்கன்தான். கடல் தாண்டிய தூரமே கணக்கில் வரும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். ஒளியிழையில் தரவு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீற்றர் அளவில் ஓடுவதால், போய்வர 27 மில்லிசெக்கனுக்குக் குறையவே முடியாது, நடைமுறையில் இன்னும் கூடும். உப்புவெளிக்காரருக்கு அது இருமடங்கு. மைன்கிராஃப்ட் ஒரு செக்கனை 20 துடிப்புகளாகப் பிரித்து, துடிப்புக்கு 50 மில்லிசெக்கன் ஒதுக்குகிறது; ஒரு துடிப்புத் தாமதம் வீடு கட்டுபவருக்குத் தெரியாது, வாள் வீசுபவருக்குத் தெரியும். சென்னை கொழும்பிலிருந்து 700 கிலோமீற்றருக்கும் குறைவு. சொந்த வீபிஎஸ் என்றால் சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று நாமே ஊரைத் தெரிவுசெய்யலாம். இலவச டனலில் பெரும்பாலும் கிடைத்த வழியில்தான் போகவேண்டும். வரைபடத்தில் அருகே இருப்பது கேபிளிலும் அருகே இருக்கும் என்பதில்லை. ஆகவே பணம் கட்டுமுன், வழங்குநர்கள் தரும் சோதனை முகவரிக்கு இரவு எட்டு மணியளவில் பிங் (தரவு போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். காலையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

சேர்வரையே முழுதாக அங்கு வாடகைக்கு எடுத்தால் இந்த இரட்டைப் பயணமே இருக்காதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் மொட்கள் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்கள்) நிறைந்த உலகத்துக்கு 6 அல்லது 8 ஜிபி ரேம் வேண்டும், அதற்கு மாதாமாதம் கட்டவேண்டும். வழி காட்டுவதற்கு மட்டுமான வீபிஎஸ்ஸுக்கு 1 ஜிபி தாராளம், நான்கைந்து டொலரில் முடியும். வீட்டில் இருப்பவர்கள் உள்வலையிலேயே ஆடிக்கொள்கிறார்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. லினக்ஸ் இற்றைப்படுத்தல், கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி வழி நுழைவு, வீட்டுப் பக்கத்தில் 25 செக்கனுக்கு ஒருமுறை இணைப்பைத் தட்டியெழுப்பும் அமைப்பு ஆகியவை போதும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: வருபவரின் முகவரிக்குப் பதில் தன் முகவரியை வீபிஎஸ் இடும் எளிய முறையில் அமைத்தால், வருபவர் அனைவரும் 10.8.0.1 போன்ற ஒரே உள்முகவரியிலிருந்து வருவதாகவே சேர்வர் பதிவேட்டில் தெரியும். குழப்படி செய்தவரை ஐபி கொண்டு தடைசெய்தால் எல்லோரும் வெளியே நிற்பார்கள். நான் பெயர் கொண்டு உள்ளே விடும் அனுமதிப்பட்டியலை மட்டும் பாவிக்கிறேன். பெரிய தாக்குதலை இந்த அமைப்பு இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தாலும் விழுவது வீபிஎஸ்ஸாகவே இருக்கும், அதை அழித்துவிட்டு வேறு முகவரியில் இன்னொன்றை எழுப்பலாம்.

மாறும்போது ரவுட்டரில் திறந்திருந்த பழைய போர்ட்டை மூடி, ரவுட்டரை அணைத்துப் போட்டுப் புதிய முகவரி கிடைத்ததா என்று பாருங்கள். டொமைன் பெயர் வீட்டு முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால், வீட்டு முகவரி மாறிய பிறகே டொமைனில் வீபிஎஸ்ஸின் முகவரியை இடுங்கள். ஒரு டொமைன் முன்பு காட்டிய முகவரிகளைச் சேமித்து வைக்கும் தளங்கள் உண்டு. 8123 போர்ட்டில் ஓடும் டைன்மேப் வரைபடத்தையும் (விளையாட்டு உலகை உலாவியில் காட்டுவது), வீட்டிலிருந்தே இறக்கப்படும் ரிசோர்ஸ் பேக் (விளையாட்டின் படங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பு) இணைப்பையும் வீபிஎஸ் வழியாகவே விடவேண்டும். இல்லாவிட்டால் விளையாட வருபவரின் கணினி அந்தக் கோப்பை எடுப்பதற்காக நேராக வீட்டு முகவரிக்கே வரும்.