வாரா வாரமா, மூணு வாரத்துக்கு ஒருக்காவா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வாய்ப் புற்றுநோய்னா நிறையப் பேரு திருவனந்தபுரம் ஆர்சிசிக்குத்தான் (ரீஜனல் கேன்சர் சென்டர்) பஸ் ஏறுவாங்க. ரேடியேஷன்கூட சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ ஊசின்னு சொன்னதும் வர்ற சந்தேகம் இதுதான், சின்ன டோஸா வாராவாரமா, இல்ல பெருசா மூணு வாரத்துக்கு ஒண்ணா?

பெரிய டோஸ்னா ஒரு சதுர மீட்டர் உடம்புப் பரப்புக்கு 100 மில்லிகிராம். அன்னிக்கு ஃபுல்லா சலைன் ஏறும், வாந்தி, காதுல ங்ஙொய்னு இரைச்சல், கிட்னி டெஸ்ட் வேற. வாராந்திரம் உடம்புக்குக் கொஞ்சம் லேசு, காலைல ஏத்திட்டு சாயங்காலம் பாறசாலை தாண்டி வீட்டுக்கு வந்துரலாம். ரேடியேஷனுக்கு எப்படியும் வாரத்துல அஞ்சு நாள் போகணும், அதனால பஸ் காசு மிச்சம்ங்கிற கணக்கு ரெண்டுலயும் கிடையாது கேட்டியளா.

மும்பை டாடா மெமோரியல்ல 300 பேர வச்சு நடந்த ட்ரையல் 2018ல வந்துச்சு. அதே சதுர மீட்டர் கணக்குல வாராந்திரம் 30 மில்லிகிராம் போட்டவங்கள்ல 2 வருஷம் கழிச்சு கட்டி அந்த இடத்துலயோ பக்கத்துலயோ திரும்பாம இருந்தது 58.5 சதவீதம், பெரிய டோஸ்ல 73.1. பக்கவிளைவும் பெரிய டோஸ்லதான் கூடுதல். அதோட வாராந்திரம் வேஸ்ட்னு முடிவு கட்டிராதீங்க, 2022ல வந்த ஜப்பான் ட்ரையல்ல ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு 40 மில்லிகிராம் வாராவாரம் போட்டதுல அது பெரிய டோஸுக்கு ஒண்ணும் குறைஞ்சதில்லன்னு தெரிஞ்சுது.

அந்த 30க்கும் 40க்கும் நடுவுலதான் மொத்த சண்டையும். கிட்னி, காது நல்லா இருக்குற ஆளுக்கு பெரிய டோஸ், இல்லேன்னா 40ன்னுதான் எனக்குப் படுது. 'வாராவாரம்'னு மட்டும் சொன்னா விடாதீங்க, சதுர மீட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மலையாளம் வரலேன்னா தமிழ்லயே கேளுங்க, அங்க புரியும்.