கிளிநொச்சியில் மோட்டர், குழாய், ஏசி வேலைக்கு உள்ளூர் ஆள்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

வன்னியில் தண்ணீர் மோட்டருக்கோ குழாய்க்கோ ஏசிக்கோ ஆள் தேவைப்பட்டால் முதலில் கிடைக்கிற புத்திமதி, "யாழ்ப்பாணத்தில பெரிய கொம்பனியள் இருக்கு, அங்க கோல் எடுங்கோ" என்பதுதான். நான் 2016 முதல் கிளிநொச்சியிலேயே இருக்கிற ஒரு தம்பியிடம்தான் இந்த மூன்று வேலையையும் கொடுத்து வருகிறேன். கூட ஒன்றிரண்டு உதவியாளர்களோடு வேலை செய்கிறவர். அவரிடம் குறைகளும் உண்டு, அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இத்தனை வருடமும் வேறு ஆளைத் தேடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், எதையும் கழற்றுவதற்கு முன் அவர் அளந்து பார்ப்பார். புதிதாக ஆள் பிடிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்: அளக்கிற ஆளா என்று முதலில் பாருங்கள், விலை பிறகு கதைக்கலாம்.

எங்கள் வீடு இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாய்கிற பக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை கிணற்றில் மட்டம் மேலே நிற்கும். சிறுபோகம் முடிந்து வாய்க்காலை நிற்பாட்டினால் ஆவணி, புரட்டாசியில் கடகடவென்று இறங்கிவிடும். அப்படி ஒரு ஆவணியில் மோட்டர் ஓடுகிறது, தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை. முதலில் வந்த ஒருவர் மோட்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது பலம் காணாது, ஒன்றரை குதிரைவலு போடுங்கோ" என்று விலையும் சொல்லிவிட்டார்.

தம்பி வந்தபோது மோட்டர் பக்கமே போகவில்லை. ஒரு நூல் கயிற்றில் இரும்பு நட் ஒன்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். நட் தண்ணீரில் பட்டதும் கயிற்றை மோட்டர் இருந்த மட்டத்தில் விரலால் இறுக்கிப் பிடித்து, மேலே இழுத்து, முற்றத்தில் நீட்டி டேப் வைத்து அளந்தார். 29 அடி. "அக்கா, மேல இருந்து உறிஞ்சிற எந்த மோட்டரும் 25 அடிக்குக் கீழ போனாத் திணறும். ஒன்றரை போட்டாலும் இதே கதைதான்" என்றார்.

விஷயம் இதுதான். மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தை அது குறைக்க, வெளியில் இருக்கிற காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் கணக்குப்படி 33 அடிக்கு மேல் தள்ள முடியாது. ஃபுட் வால்வ் (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கிற வால்வ்), வளைவுகள், குழாயின் உரசல் எல்லாம் போக நடைமுறையில் 25 அடிதான் மிஞ்சும். குதிரைவலுவைக் கூட்டினால் தண்ணீர் மோட்டரில் இருந்து தாங்கிக்குப் போகிற உயரம் கூடுமே தவிர, கீழிருந்து வருகிற ஆழம் கூடாது. வன்னியில் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு காரணத்துக்காகக் கோடையில் நல்ல மோட்டரைக் கழற்றிப் பெரிய மோட்டர் வாங்குகிறார்கள். கரண்ட் பில் கூடியதுதான் மிச்சம்.

அவர் செய்தது கிணற்றுச் சுவரில் பத்தடி கீழே ஒரு இரும்புத் தட்டுப் பொருத்தி, அதே மோட்டரை அங்கே இறக்கியது. மழைக்குக் கிணறு நிரம்பினால் மோட்டர் மூழ்கும் அல்லவா? அதற்காகக் குழாயின் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு) போட்டு, ஐப்பசிக்கு முன் கழற்றி மேலே ஏற்றும்படி செய்துவிட்டார். தண்ணீருக்குக் கிட்ட கரண்ட் போவதால் கிணற்று லைனுக்கென்று தனியாக ஒரு ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாகவே நிற்பாட்டுகிறது), 30 மில்லி அம்பியர், போட்டால்தான் வேலையை முடிப்பேன் என்று நின்றார். அந்தச் செலவை நான் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கு அந்தச் சுவிட்ச் இல்லாத கிணற்றுக் கட்டுக்கு ஒரு பிள்ளையை விடவே எனக்கு மனம் வராது.

அதே லைனில் இன்னொரு தொல்லை, மோட்டரை எழுப்பிவிடுகிற கப்பாசிட்டர் அடிக்கடி போவது. மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒருநாள் அவர் மீற்றரை வீட்டு மெயினில் வைத்துப் பார்த்தார், 228 வோல்ட். பிறகு கிணற்றடியில் வைத்துக்கொண்டு மோட்டரைப் போடச் சொன்னார். மோட்டர் எழும்புகிற நேரம் 190க்கு விழுந்தது. வீட்டிலிருந்து கிணற்றுக்கு 200 அடி, போயிருந்தது ஒன்றரை சதுர மில்லிமீற்றர் வயர். அவ்வளவு தூரத்துக்கு அது மெல்லிசு, வழியிலேயே வோல்ட் விழுகிறது. நாலு சதுர மில்லிமீற்றராக மாற்றினோம். அதற்குப் பிறகு கப்பாசிட்டர் போகவில்லை.

2018 மார்கழி வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்றன. மேலே ஏற்றி வைத்த மோட்டரும் மூழ்கிப்போனது. வெள்ளம் வடிந்ததும் ஊரில் பலர் மோட்டரை ஒருநாள் வெயிலில் வைத்துவிட்டுப் போட்டார்கள், சுருள் எரிந்துவிட்டது. நான் போட வெளிக்கிட்டபோது தம்பி போனிலேயே, "தொடாதேங்கோ, நான் வந்து பார்த்திட்டுத்தான்" என்று மறித்தார். வந்து மெகரை (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீற்றர்) வைத்துச் சுருளுக்கும் உடம்புக்கும் இடையில் பார்த்தார். ஊசி பூச்சியத்திலேயே நின்றது. பிரித்து, கழுவி, காயவிட்டு, பெயரிங் மாற்றி, திரும்பவும் பார்த்தார். ஒரு மெகா ஓமுக்கு மேலே வந்த பிறகுதான் கரண்ட் கொடுத்தார். அந்த மோட்டர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஏசி கதை கொஞ்சம் நீளம். அம்மாவின் அறைக்கு 12,000 பீரீயூ (BTU) ஏசி ஒன்றை வேறொரு இடத்தில் வாங்கினோம், அவர்களே வந்து பூட்டினார்கள். அடுத்த சித்திரையிலேயே குளிர் குறைந்தது. வந்தார்கள், "காஸ் குறைஞ்சிட்டுது" என்று ஏற்றினார்கள், காசு வாங்கினார்கள். அடுத்த வருடமும் அதே. "வருஷம் ஒருக்கா காஸ் அடிக்கத்தான் வேணும்" என்று விளக்கமும் தந்தார்கள். இதை நம்பிக்கொண்டு வருடாவருடம் காசு கட்டுகிற வீடுகள் நிறைய இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஏசியில் காஸ் செலவாகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் காஸ் ஏற்றுவது, பஞ்சரான ரயருக்குக் காற்று அடிப்பது மாதிரி.

தம்பி வெளி யூனிற்றின் மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தார். செப்புக் குழாய் நட்டோடு சேருகிற இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. விரலால் தொட்டு எனக்குக் காட்டினார், எண்ணெய்ப் பசை. காஸோடு கொம்பிரசர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கச்சான் காற்றுப் புழுதி அதில் ஒட்டியிருக்கிறது. சவர்க்கார நுரை வைத்ததும் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. குழாயின் விரித்த வாய் ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதை வெட்டி, புதிதாக விரித்து, இறுக்கினார். பிறகு வக்கூம் பம்பைப் பூட்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிட்டு, நிற்பாட்டி, மீற்றர் முள்ளு திரும்ப ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தார். முள்ளு அசையாமல் நின்ற பிறகு, காஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிற்றில் ஒட்டியிருக்கிற தகட்டில் எழுதிய நிறைக்கு ஏற்றினார். வக்கூம் எடுக்காவிட்டால் காற்றும் ஈரமும் உள்ளே நிற்கும், ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரைத் தின்னும். முதலில் பூட்டியவர்கள் அந்தப் பம்பைக் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை. தம்பி செய்த பிறகு காஸ் ஏற்ற வேண்டி வரவில்லை. சர்வீஸ் மட்டும்தான்.

சுடுதண்ணீர் மெஷின் பற்றியும் கேட்பார்கள். வன்னியில் அது தேவையா என்றால், மார்கழி, தைப் பனியில் எழுபது வயதுக்காரர் விடியக் குளிக்க வேண்டி இருந்தால் தேவைதான். நான் கேட்ட உடனடிச் சூடாக்கியை அவர் வேண்டாம் என்றார். தாங்கியின் அடிக்கும் ஷவருக்கும் இடையில் உயரம் எட்டரை அடி, அதாவது கால் பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் வருகிற தண்ணீர் மெஷினை ஒழுங்காக வேலை செய்ய வைக்காது. தாங்கியை உயர்த்த வேணும், அல்லது உள்ளே சின்னப் பம்ப் உள்ள வகை வாங்க வேணும் என்றார். பம்ப் உள்ளதை வாங்கினோம். எங்கள் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், சூடாக்கினால் கல்சியம் இன்னும் கெதியாகப் படியும். ஷவர் தலையை மாதம் ஒருக்கா வினாகிரியில் ஊறவைக்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில்தான் கிட்ட இருக்கிற ஆளின் பெறுமதி தெரிந்தது. கரண்ட் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லை. பெற்றோல் கியூஆர் முறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். 65 கிலோமீற்றர் தள்ளி யாழ்ப்பாணத்தில் இருந்து யார் ஒரு வால்வ் மாற்ற வருவார்கள்? தம்பி ஒரே பக்கத்து வேலைகளைச் சேர்த்து ஒரு நாளில் செய்தார், கிட்ட என்றால் சைக்கிளில் வந்தார். பங்குனி தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டதில் சாமான் விலை கிழமைக்குக் கிழமை மாறியது. அன்றிலிருந்து அவர் மதிப்பீடு எழுதித் தரும்போது திகதி போட்டு, சாமான் தனி, கூலி தனி என்று எழுதுகிறார். சாமானை நானே ஹார்ட்வெயாரில் வாங்கிக் கொடுத்தாலும் அவருக்குக் குறையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழக்கம்: சுவரை வெட்டிக் குழாய் பதித்தால் பூசுவதற்கு முன் டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்துப் படம் எடுத்து எனக்கும் அனுப்புவார். நிலத்தில் இருந்து எத்தனை அங்குலம், கதவில் இருந்து எத்தனை அங்குலம் என்று படத்திலேயே தெரியும். பிறகு குளியலறையில் கம்பி பூட்ட வந்தவர் துளை போட வெளிக்கிட்ட இடத்தில் குழாய் போகிறது என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் மறித்தேன்.

நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. வருவதற்கு முன் போன் எடுப்பார், யார் கூட வருகிறார்கள் என்று சொல்வார், புது உதவியாளரைத் தனியாக அனுப்பியதில்லை. பெண்கள் தனித்து நடத்துகிற வீடுகள் வன்னியில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

சரி, குறைகள். கார்த்திகை, மார்கழியில் அவரைப் பிடிக்க முடியாது. போன் எடுக்கமாட்டார், எடுத்தாலும் "நாளைக்கு" என்பது மூன்று நாளாகும். நல்லாகப் பழகிய உதவியாளர்கள் வெளிநாடு போய்விடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் புது முகம். ஒரு பையன் பசை காய முதல் தண்ணீரைத் திறந்துவிட்டதில் சமையலறை மூட்டு ஒழுகி, திரும்ப வெட்ட வேண்டி வந்தது. அந்தச் செலவைத் தம்பி ஏற்றார், ஆனால் உடைத்த தைல்ஸ் அதே நிறத்தில் கிடைக்கவே இல்லை. பூச்சு வேலையும் அவருக்குக் கைவராது, பிறகு மேசனைத் தனியாகப் பிடிக்க வேணும். உத்தரவாதத்தைக் கேட்டால்தான் எழுதித் தருவார்.

புதிதாக ஆள் பிடிக்கிறவர்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். அறிவியல் நகர் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் வந்த பிறகு முறையாகப் படித்த பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். ஏசி என்றால் வக்கூம் பம்பும் தராசும் கொண்டுவருவீர்களா என்று போனிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய சாமானை உங்களிடமே விட்டுப் போகச் சொல்லுங்கள். குழாய் வேலை முடிந்த அன்றே முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். தாங்கியை நிரப்பி, எல்லாப் பைப்பையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுங்கள். விடியத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றால் எங்கேயோ ஒழுகுகிறது. கடைசிப் பங்கை நான் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன், தம்பிக்கும் அது தெரியும்.

இப்போது அவரோடு இருக்கிற ஒழுங்கு, வருடத்துக்கு இரண்டு தடவை: பங்குனியில் வெக்கை தொடங்க முதல் ஏசி கழுவி, தண்ணீர் வடிகிற குழாயை ஊதிவிடுவது, புரட்டாசிக் கடைசியில் மோட்டரை மேலே ஏற்றி, ஃபுட் வால்வையும் ட்ரிப் சுவிட்சையும் பார்ப்பது. இரண்டாவதற்கு ஆவணியிலேயே நாள் குறித்துக்கொள்ள வேணும். மழை இறங்கிவிட்டால் அவர் கிடைக்கமாட்டார்.