நாள்பட உழைக்கும் பெட்ஷீட்: சிங்கப்பூர் வீட்டுக்கு எது சரிப்படும்?

கடையில் தொட்டுப் பார்த்தால் எல்லா பெட்ஷீட்டும் நன்றாகத்தான் இருக்கும். மடிப்புக் கலையாமல், வழவழவென்று, பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். அந்த வழவழப்பில் பெரும்பங்கு ஆலையில் கடைசியாகப் பூசிய மென்மையூட்டி. சில சலவையிலேயே அது கரைந்துபோகும். அதன்பின் மெத்தையில் கிடப்பதுதான் நாம் காசு கொடுத்து வாங்கிய துணி. அதனால் புதுத்துணியின் அழகை இங்கே பேசவில்லை. ஐம்பது சலவை, நூறு சலவை கண்டபின் எது நிற்கிறது, எது நைந்துபோகிறது என்பதுதான் பேச்சு.

சிங்கப்பூரில் விரிப்புக்கு ஓய்வே கிடையாது. வருடம் முழுக்க வியர்வை, காற்றில் எந்நேரமும் ஈரம், வாராவாரம் சலவை, அதற்குமேல் பூமத்திய ரேகை வெயில். குளிர்நாட்டில் இருப்பவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கனமான விரிப்பு இங்கே ஒரே வருடத்தில் மஞ்சளித்து, மொடமொடத்துப் போவது சகஜம்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் நூல் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவது அது. ஒற்றைப் புரி நூலில் நெய்தால் 200 முதல் 400 வரை நல்ல துணிக்குப் போதும். 500-ஐத் தாண்டுவதே சிரமம். பிறகு 1000, 1200 எங்கிருந்து வருகிறது? மெல்லிய நான்கு புரிகளை முறுக்கி ஒரு நூலாக்கி, அதை நான்காக எண்ணுகிறார்கள். உண்மையில் 250 நூல் இருக்கும் துணி 1000 ஆகிவிடுகிறது. எண்ணில் ஏமாந்ததோடு போகாது. அந்தத் துணி கனக்கும், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்டால் மறுநாளும் ஈரம் போகாது, கடைசியில் ஊசல் வாடை வரும். 300 என்று போட்டு ஒற்றைப் புரி என்றும் சொல்லியிருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் இழை நீளம். சாதாரணப் பருத்தி இழை 25 முதல் 29 மில்லிமீட்டர் வரை இருக்கும். மிக நீள இழை என்பது ஏறக்குறைய 35 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். இழை குட்டையாக இருந்தால் நூலுக்குள் முனைகள் அதிகம். உடம்பு உரச உரச அந்த முனைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு சின்னச்சின்ன உருண்டையாகத் திரளும். முனை வெளியேறிய நூல் மெலியும், மெலிந்த இடம் கிழியும். எகிப்தின் கிசா, அமெரிக்காவின் பிமா எல்லாம் நீள இழை வகை. நம் பக்கத்துச் சுவினையும் மறக்கக் கூடாது: சுஜாதா, செயிண்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி வகைகளைக் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட பருத்தி அது. உலகத்தின் மிக நீள இழைப் பருத்திகளோடு ஒன்றாக வைத்துப் பேசத் தகுந்தது.

‘எகிப்தியப் பருத்தி’ என்ற இரண்டு சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2016-இல் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர் ஒன்று, அந்தப் பெயரில் விற்ற விரிப்புகளில் வேறு பருத்தி இருந்தது தெரியவந்து, அவற்றை அலமாரியிலிருந்து எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எகிப்தில் விளைந்தால் மட்டும் இழை நீண்டுவிடாது. ‘நீள இழை’ என்று சீட்டில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓக்கோ-டெக்ஸ் முத்திரை இருந்தால், கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். நல்லதுதான். ஆனால் துணி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

நெசவில் இரண்டு வகை தெரிந்தால் போதும். பெர்கேல் என்பது ஒன்று மேல், ஒன்று கீழ் என்று போகும் சாதா நெசவு. காற்றோட்டம் உண்டு, உடம்பில் ஒட்டாது, சலவைக்குச் சலவை மிருதுவாகும்; சுருக்கம் மட்டும் விழும். சாட்டீன் நெசவில் நூல் நான்கைத் தாண்டி ஐந்தாவதன் கீழ் போகும். மேலே மிதக்கும் நூல்தான் அந்தப் பளபளப்பைத் தருகிறது. கால் நகமும் வறண்ட குதிகாலும் முதலில் பிடித்திழுப்பதும் அதே நூலைத்தான். இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறைக்குச் சாட்டீன் இதமாக இருக்கும். விசிறி மட்டும் ஓடும் வீட்டுக்குப் பெர்கேல்தான்.

‘மூங்கில்’ என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியது. முதல் மாதம் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் பருத்தி நனைந்தால் வலுக்கூடும். விஸ்கோஸ் நனைந்தால் பலத்தில் பாதியளவு இழந்துவிடும். வாரம் ஒருமுறை மெஷினில் சுழலும் துணிக்கு இது பெரிய குறை. அந்த வழுக்கும் குளிர்ச்சிதான் வேண்டும் என்றால் மரக்கூழிலிருந்து செய்யும் டென்செல் வாங்கலாம், நனைந்தாலும் பெருமளவு தாங்கும். மைக்ரோஃபைபர் பாலியஸ்டர்தான், எளிதில் கிழியாது, அதே நேரம் வியர்வையை உறிஞ்சாது. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த விரிப்பில் வேறு தொல்லை: அறுந்த பருத்தி முனையைப் பலமான பாலியஸ்டர் இழை விடாமல் பிடித்துக்கொள்வதால் உருண்டை உதிராமல் அங்கேயே தங்கும், படுத்தால் மணல்போல் உறுத்தும்.

இனி அளவு. பலர் இதில்தான் தவறுகிறார்கள். இங்கே குயின் மெத்தை 152-க்கு 190 சென்டிமீட்டர், கிங் 182-க்கு 190, சூப்பர் சிங்கிள் 107-க்கு 190. வெளிநாட்டு அளவில் தைத்து வருவது 200 அல்லது 203 நீளம். அந்தப் பத்துப் பதின்மூன்று சென்டிமீட்டர் தொய்வு சும்மா கிடக்காது. இரவெல்லாம் மடிப்பாகத் திரண்டு, அந்த மடிப்பின் முகட்டில்தான் உடம்பு உரசும். தொய்வாகப் போட்ட விரிப்பு இழுத்துப் போட்ட விரிப்பைவிடச் சீக்கிரம் தேயும் காரணம் இதுதான். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மெத்தை 28, மேல்மெத்தை 5 என்றால் மொத்தம் 33. கீழே மடிய இன்னும் 5 வேண்டும். பருத்தி நீளத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கவும் செய்யும். ஆக 40 சென்டிமீட்டர் ஆழம் உள்ள, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஃபிட்டட் ஷீட்தான் சரி. 30 சென்டிமீட்டர் ஆழத்தை இழுத்து மாட்டினால் மூன்றாம் மாதம் மூலைத் தையல் ‘டர்’ரென்று பிரியும்.

தேக்கா பக்கமோ முஸ்தபாவிலோ பிரித்துக் காட்டும் கடையில் வாங்கினால் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஓர் அடுக்குத் துணியைக் கைப்பேசி விளக்கின்மேல் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடைபோலச் சீராக வர வேண்டும். ஓரிடத்தில் இருட்டுக் கோடும் பக்கத்தில் வெள்ளை இடைவெளியும் தெரிந்தால் நூல் ஏற்ற இறக்கம். மூலையைத் திருப்பி, ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் வேண்டாம். எலாஸ்டிக் சுற்றிலும் ஓட வேண்டும், நாலு மூலையில் மட்டும் இருந்தால் நழுவும். அது துணிக்குழாய்க்குள் ஓடுகிறதா, துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய்க்குள் ஓடுவது பின்னால் மாற்ற வசதி. அச்சுப் பூ போட்டதென்றால் பின்பக்கம் பாருங்கள். முன்னால் அடர்த்தியும் பின்னால் வெறும் வெள்ளையும் இருந்து, பூவின்மேல் விரல் வைத்தால் விறைப்பும் தெரிந்தால், சாயம் மேலே ஒட்டியிருக்கிறது. தோள் படும் இடத்தில் முதலில் வெளுக்கும். ஊருக்குப் போகிறவர்கள் ஈரோடு பக்கத்துச் சென்னிமலை விரிப்பு வாங்கி வருவது நல்ல பழக்கம். கைத்தறி, நன்றாக உழைக்கும். கட்டிலின் அளவை எழுதி எடுத்துப் போங்கள், ஊர் மெத்தை அளவு வேறு.

எத்தனை செட்? மூன்று. வாரம் ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 52 சலவை. இரண்டு செட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 26, மூன்று என்றால் 17. விலை மலிந்த ஆறு செட்டுக்குப் பதில் நல்லதாக மூன்று வாங்குவதே லாபம்.

சலவையில் துணியைக் கொல்வது பெரும்பாலும் அன்பு மிகுதிதான். சோப்பு கூடினால் அலசலில் போகாமல் தங்கி, உடம்பு எண்ணெயோடு சேர்ந்து மஞ்சளிக்கும். மஞ்சளித்ததே என்று இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள், அது இன்னும் மஞ்சளிக்கும். அளவுக் கோப்பையின் கீழ்க்கோடு போதும், கூடுதலாக ஒரு அலசல் விடுங்கள். மென்மையூட்டி பருத்தியின்மேல் படலமாகப் படிந்து வியர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும், விட்டுவிடலாம். குளோரின் ப்ளீச் பருத்தியை அரிக்கும், எலாஸ்டிக்கையும் சேர்த்து முடிக்கும். வெள்ளை விரிப்பு மங்கினால் 50 டிகிரி வெந்நீரில் ஆக்சிஜன் ப்ளீச் தூள் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் ஆறியிருந்தால் அந்தத் தூள் சரியாக வேலை செய்யாது. தூசிப் பூச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் 60 டிகிரியில்தான் துவைக்க வேண்டும். அதற்கேற்ற விரிப்பா என்று சீட்டில் பார்த்து வாங்குங்கள். மற்றவர்களுக்கு 40 போதும். ஸிப், கொக்கி உள்ள துணியோடு ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய கறைகள் சில உண்டு. தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் தலையணை உறையில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மெஷினில் போடுங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். பயப்பட வேண்டாம், துவைத்தபின் வெயிலில் போட்டால் தானே வெளுக்கும். நீல உறையில் திடீரென்று ஆரஞ்சுத் திட்டு வந்தால் அது கறையே அல்ல, பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு சாயத்தைத் தின்றுவிட்டது. அந்த மருந்து பூசுகிறவருக்கு வெள்ளை உறை கொடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு மூங்கில் கழியில் காயப்போடும்போது முதலில் ஈரத்துணியால் கழியைத் துடையுங்கள். மூங்கில் சிலாம்பு இருந்தால் சாட்டீன் நூலை இழுக்கும். விரிப்பை உள்பக்கம் வெளியே வரும்படி போடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் தாராளம். நாள் முழுக்க விட்டுவிட்டால் மடிப்பு முகட்டில் மட்டும் வெளுத்த கோடு விழும், பிறகு அதே கோட்டில்தான் துணி விடும். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பழுப்புப் புள்ளி பூக்கும். பழைய தலையணை உறைக்குள் மொத்த செட்டையும் மடித்து வையுங்கள், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றி விரியுங்கள். தோளும் இடுப்பும் ஒரே இடத்தில் அழுத்தாது. இப்படிப் பார்த்துக்கொண்டால் துணிக்கு முன்னால் எலாஸ்டிக்தான் தளரும். அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். குழாய்க்குள் ஓடும் எலாஸ்டிக் என்றால் தையல்காரர் பழையதை உருவிப் புதிதாகக் கோத்துத் தருவார்.

எலாஸ்டிக் இல்லாத விரிப்பு, ஒருவர் மட்டும் படுக்கும் கட்டிலுக்குரியது, நடுவில் மட்டும் நைந்திருந்தால் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். தேயாத இரண்டு கரைகளையும் நடுவில் சேர்த்துத் தட்டையாகத் தைத்து, வெட்டிய ஓரங்களை மடித்து அடியுங்கள். நைந்த பாகம் மெத்தைக்கு அடியில் போய்விடும். இருவர் படுக்கும் விரிப்பில் தேய்வது இரண்டு திட்டு. அதில் இது பலிக்காது. தலையணை மறைத்திருந்த பாகத்தை வெட்டினால் இரண்டு உறை கிடைக்கும், புதுத் துணியைவிட மிருதுவாக.