பின் சீட்டில் அத்தை, டிக்கியில் அரிசி மூட்டை

எங்கள் பழைய ஹேட்ச்பேக் தானே புயல் அடித்து ஓய்ந்த சில மாதங்களில், 2012இல் வாங்கியது. பதின்மூன்று வருஷம் கடலூரின் உப்புக் காற்றைக் குடித்ததில் கதவுகளின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் மஞ்சக்குப்பத்து மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “இனிமே ஒட்டறதுக்கு இரும்பு இல்லீங்க டீச்சர்” என்றார். அதோடு முடிந்தது.

நான் பிளஸ் டூவுக்கு வணிகவியல் எடுக்கிறேன். வீட்டில் வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். மாதம் ஒருமுறை அத்தையைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பண்ருட்டியில் அம்மா வீடு. பையன் புதுச்சேரியில் படிக்கிறான். இதுதான் எங்கள் வண்டியின் உலகம்.

எல்லோரும் எஸ்யூவி வாங்கச் சொன்னார்கள். முட்டி வலிக்கு உயரமான சீட் நல்லது என்றார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அத்தை நாலே முக்கால் அடி. ஒரு சின்ன எஸ்யூவியில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, மறுகாலைத் தரையிலிருந்து எடுக்க முடியாமல், கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றார். உட்கார்ந்த பிறகும் கால் தரையைத் தொடவில்லை. “என்னை என்ன பரணில ஏத்துறீங்களா?” என்றார். சரி, தாழ்வான, பின்னால் தனி டிக்கி உள்ள செடான்தான் என்று அங்கேயே முடிவானது.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம்காரர்கள் சொல்வது வேறு, நமக்கு வேண்டியது வேறு. புதுச்சேரியில் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) சவுகரியமான நூறடிச் சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டவிட்டு, “எப்படி சார் இருக்கு?” என்று பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் கேட்டார் அந்தத் தம்பி. ஸ்டியரிங் என் கையில் இருந்தது. நான் கேட்டது ஆட்டோமேட்டிக், அவர்கள் கொடுத்தது மேனுவல். டாஷ்போர்டில் பெட்ரோல் விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். பின் சீட்டில் அத்தையும் வீட்டுக்காரரும் பையனும், முன்னால் ஷோரூம் தம்பி, டிக்கியில் அத்தையின் வாக்கர், ஒரு பெரிய சூட்கேஸ், ஒரு சிப்பம் அரிசி. வாக்கரைப் பார்த்ததும் ஒரு தம்பி சிரித்துவிட்டார். டிக்கியில் அதை நுழைக்கும்போது சிரிப்பு நின்றது.

செடானில் டிக்கி எத்தனை லிட்டர் என்பதைவிட அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். நாங்கள் பார்த்த மூன்றில், காகிதக் கணக்கில் மாருதி டிசையருக்கு 382 லிட்டர், ஹூண்டாய் ஆராவுக்கு 402, ஹோண்டா அமேஸுக்கு 416. வாக்கரைப் படுக்கப்போட்டு அதன்மேல் சூட்கேஸ் வைத்தால் அமேஸில் மூடி ஒரே தட்டில் மூடியது. டிசையரில் சூட்கேஸைத் திருப்பிவைக்க வேண்டியிருந்தது. இந்தச் சில லிட்டருக்கு இவ்வளவு வித்தியாசமா என்று எனக்கே ஆச்சரியம். சிஎன்ஜி பற்றியும் யோசித்தோம், ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொண்டால் வாக்கர் அத்தையின் மடியில்தான் வரவேண்டும்.

இந்த இடத்தில் வணிகவியல் டீச்சர் கொஞ்சம் குறுக்கே வருவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிசிச் சிப்பம் ஏன் 26 கிலோவாக வருகிறது தெரியுமா? 25 கிலோ வரையுள்ள பாக்கெட்டுக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி போட்டார்கள், ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். டிசையர், அமேஸ், ஆரா மூன்றும் மில்லிமீட்டர் பிசகாமல் 3,995 நீளத்தில் இருப்பதும் அதே சூத்திரம்தான். நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் சின்ன கார், வரி குறைவு. 2008இல் வந்த முதல் டிசையர் நாலு மீட்டரைத் தாண்டித்தான் இருந்தது. 2012இல் வாலை வெட்டிக்கொண்டது. அந்த வெட்டுப்பட்ட வாலில்தான் நான் வாக்கரை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு கூத்தான சமயம். ஆகஸ்ட் 15 அன்று தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்துவிட்டார். “இப்பவே எடுத்துடுங்க மேடம், அப்புறம் டிஸ்கவுண்ட் போயிடும்” என்று தினம் ஒரு போன். போனால் போகட்டும் என்று இருந்தேன். செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 29 சதவீதமாக இருந்த மொத்த வரி 18 ஆனது. எந்த டிஸ்கவுண்டும் அந்தப் பக்கம் வராது.

வண்டிகளுக்கு வருகிறேன்.

பாதை ஒன்றுதான். மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை போய்த் திரும்புவது. வேகத்தடை, பஸ் நிறுத்தத்து நெரிசல், திடீரென்று குறுக்கே வரும் டூவீலர் எல்லாம் இதிலேயே கிடைத்துவிடும்.

ஆராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின், நின்றால் ஓடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதி. கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏஎம்டி கியர். குறை என்று விரல் நீட்ட எதுவும் இல்லை, மனதில் ஒட்டவும் இல்லை. இறங்கி வீட்டுக்குள் போனதும் அது என்ன நிறம் என்று அத்தைக்கு மறந்துவிட்டது.

டிசையரை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் எதிர்பார்த்தேன், மறைக்க வேண்டாம். கடலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் நிற்கிற வாடகை வண்டிகளில் பாதி அதுதானே. “டாக்சியா வாங்கப்போறே?” என்று தங்கை போனிலேயே கேட்டாள். ஆனால் 2024 நவம்பரில் வந்த புது டிசையர் வேறு வண்டி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார், மாருதியில் இதுதான் முதல். ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. பின்னால் ஏசி காற்று வருகிறது. மூன்று வண்டிகளில் உட்காரவும் எழவும் இதுதான் சுலபம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்காரருக்கு லிட்டருக்கு 25.71 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. அது சோதனைக்கூடத்து எண், சாலையில் அவ்வளவு வராது. ஆனாலும் மூன்றில் பெட்ரோல் சிக்கனம் இதுதான்.

எனக்கு இடித்தது இரண்டு. இதன் புது எஞ்சினில் மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய அதிர்வு, ஓரமாக எங்கேயோ தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. இரண்டாவது ஏஎம்டி. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்தான், கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது. கியர் மாறும் அரை நொடியில் வண்டி மூச்சைப் பிடிக்கும், அப்புறம் விடும். தனியாக ஓட்டும்போது பழகிவிடும். பின்னால் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலை ஒருமுறை ஆடும். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது கண்ணாடியில் பார்த்தேன், அத்தை எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்கிறவர் மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் அவர் அப்படிக் கிடையாது.

அமேஸ் கொண்டுவந்த அன்று நல்ல மழை. நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன், சிவிடி என்கிற ஆட்டோமேட்டிக். இதில் கியர் என்று படிப்படியாக இல்லை, ஒரு பெல்ட் ஓடுகிற இரண்டு கப்பிகள் அகன்றும் குறுகியும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஊர்ந்து போகிற நெரிசலில் வெண்ணெய் மாதிரி இருந்தது. அரியாங்குப்பம் பக்கம் மாலை ஆறு மணிக்கு மாட்டியிருக்கிற யாருக்கும் இதன் அருமை புரியும். ஆனால் அவசரப்பட்டு அழுத்தினால் கோபம் வருகிறது. நெல்லிக்குப்பம் சாலைக்கும் திருப்பினேன், அங்கே கரும்பு சீசனில் டிராக்டர்களைத் தாண்டுவதுதான் நிஜமான பரீட்சை. அப்போது சீசன் இல்லை, ஒரு தனியார் பஸ்தான் கிடைத்தது. மிதித்ததும் முதலில் சத்தம் மாவு மிஷின் மாதிரி ஏறியது, வேகம் பின்னாலேயே சாவகாசமாக வந்தது. தாண்டினோம், ஆனால் பையன் “என்னம்மா, வண்டி கத்துது” என்றான். இதமாக மிதித்தால் கத்தாது. எனக்கு அது ஒத்துவந்தது, இருபது வயதில் ஒத்துவந்திருக்காது.

வேகத்தடைகளில் ஐந்து பேரோடும் மூட்டையோடும் ஏறி இறங்கினோம். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி அமேஸில் 172 மில்லிமீட்டர், டிசையரில் 163. இரண்டும் எங்கேயும் உரசவில்லை. அமேஸின் உயர்ந்த மாடலில் ஒரு வசதி: இடதுபுறம் இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கேமரா பின்னால் வருவதைத் திரையில் காட்டுகிறது. இடது பக்கமாக நுழைவதைப் பிறப்புரிமையாக வைத்திருக்கும் ஊரில் இது நகை மாதிரி.

நடுவில் ஒரு சபலம். வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் வோக்ஸ்வேகன் விர்டஸுக்குச் சொல்லிவைத்திருந்தார். ஒரு லிட்டர் டர்போ, 178 நியூட்டன் மீட்டர் இழுவை, 521 லிட்டர் டிக்கி. இதிலும் மூன்று சிலிண்டர்தான், ஓட்டும்போது நினைவே வரவில்லை. அதே நெல்லிக்குப்பம் சாலையில் பஸ்ஸைத் தாண்டியது தெரியவேயில்லை. டிக்கியில் வாக்கர், சூட்கேஸ், அரிசி எல்லாம் போட்டபிறகும் இரண்டு பலாப்பழத்துக்கு இடம் இருந்தது. பண்ருட்டிக்காரிக்கு இது எவ்வளவு பெரிய ஆசைகாட்டல் என்று பாருங்கள். ஆனால் தமிழ்நாட்டில் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18க்குத் தாவுகிறது. வகுப்பில் போடுகிற மாதிரி கணக்குப் போட்டேன்: 9.9 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய், 10.1 லட்சம் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் அதிக விலைக்கு ஐம்பத்து மூவாயிரம் அதிக வரி. அதற்குமேல் வாங்கும்போதே பிடிக்கிற டிசிஎஸ் என்ற வரி ஒரு சதவீதம் வேறு, அது பிறகு வருமான வரியில் கழியும். வீட்டுக்காரர் பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாண்டி அட்ரஸ் ஒண்ணு புடிங்க மேடம், பிஒய் நம்பர் போட்டுடலாம், வரி ரொம்பக் கம்மி” என்று ஒருவர் ரகசியக் குரலில் சொன்னார். வீடு கடலூரில், வண்டி நிற்கப்போவது கடலூரில். ஆல்பேட்டையில் ஒவ்வொரு முறையும் காக்கிச் சட்டையைப் பார்த்து வயிறு கலங்க எனக்கு வயதில்லை. இன்சூரன்சும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று அழுத்தினார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. புது காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி வேண்டும், அவ்வளவுதான். வெளியே கேட்டு வாங்கிய விலையைக் காட்டியதும் அவர்கள் விலையும் இறங்கி வந்துவிட்டது.

அமேஸ் சிவிடிதான் எடுத்தோம், 10 லட்சத்துக்குள். தனியாக, தினமும் நெய்வேலி வரை நானே ஓட்டுகிறவளாக இருந்தால் டிசையர் எடுத்திருப்பேன், அந்த மைலேஜுக்கு முன்னால் என் தையல் மிஷின் புகாரெல்லாம் நிற்காது. என் வண்டியில் பாதி நாள் பின் சீட்டுதான் முதலாளி.

தீபாவளிக்கு முன் வண்டி வந்தது. வாங்கும்போது சேசிஸ் எண்ணை வைத்து தயாரான மாதத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இரண்டு மாதத்தில் 1,900 கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்கு 13, புதுச்சேரி போய்வந்தால் 17 சொச்சம். டிசையர் இதைவிடக் கூடுதலாகத் தந்திருக்கும் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஞாபகப்படுத்துகிறார். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, அங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதால் டேங்க் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிறைகிறது.

எழுந்திருக்க டிசையர்தான் சுலபம் என்று சொன்ன அத்தையின் பேச்சு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. போன ஜிப்மர் பயணத்தில் கேட்டேவிட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்தபடி தூக்கம். தலை ஆடவில்லை.