கடல்நீர்த் தொட்டியில் கல் அடுக்க: பைப் சட்டமா, சிமென்டா, சும்மா அடுக்குவதா?

கடல்நீர்த் தொட்டிக்குள் கல் அடுக்க மூன்று வழி இருக்கிறது. அடிக்கண்ணாடி மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். கல்லைத் துளைத்து அக்ரிலிக் கம்பி செருகி, எபாக்சியோ சிமென்டோ வைத்து ஒட்டிவிடலாம். இல்லையென்றால் பிவிசி பைப்பில் வெளியே தெரியாமல் ஒரு சட்டம் கட்டி, அதன்மேல் கல்லை உட்கார வைக்கலாம். சென்னை வீட்டில் நான்கடித் தொட்டி வைத்தபோது நான் எடுத்தது பைப் சட்டம். இன்னொரு தொட்டி வைத்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

பார்க்க எது அழகு என்றால் சந்தேகமே இல்லாமல் கம்பி போட்டு ஒட்டியதுதான். வளைவும் குகையும் அதில் வருவதுபோல் வேறு எதிலும் வராது. செலவில் சும்மா அடுக்குவது மலிவு என்று தோன்றும். ஆனால் உயரம் வேண்டுமென்றால் உள்ளே முழுக்கக் கல்லையே நிரப்ப வேண்டும், கல் விலைதான் கையைக் கடிக்கும். மன்னார் வளைகுடாவில் பவளக்கல் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடலோர ஊரிலிருந்து மலிவாக வரவழைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். முறையாகக் கிடைக்கும் செயற்கைக் கல்லைக் கிலோ கணக்கில் வாங்கும்போது, உயரத்தைப் பைப் கொடுத்துவிட்டால் பாதிச் சுமை குறைகிறது.

ஆனால் நான் முடிவெடுத்தது இதையெல்லாம் வைத்து அல்ல. கல்லுக்கு அடியில் சேரும் கசடை வைத்துத்தான். மீன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, செத்த பாசி எல்லாம் நீரோட்டம் எட்டாத இடம் தேடிப் போய் அடங்கும். நேராக அடுக்கிய குவியலில் அந்த இடம் நட்ட நடுவில், கை போகாத ஆழத்தில் இருக்கும். அங்கே அழுகுவதுதான் நைட்ரேட்டாக நீரில் ஏறுகிறது, அழுகும்போது ஆக்சிஜனையும் இழுக்கிறது. நம் ஊர் வெயிலில் இதைச் சாதாரணமாக விட முடியாது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். மே மாதத்தில் மின்சாரம் போய், நீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் மோட்டாரும் நின்றால், அடியில் கிடக்கும் அழுகல் மீனோடு போட்டி போட்டு மூச்சை வாங்கும்.

பைப் சட்டத்தின் மேல் கல் மூன்று நான்கு அங்குலம் தூக்கி நிற்பதால் அடியிலும் நீர் ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை சட்டத்தின் கால்களுக்கு நடுவே பேஸ்டரை (ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாய்) நுழைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் காபித்தூள் நிறத்தில் கசடு புகைந்து எழும். அந்த நேரத்திலேயே பக்கத்தில் சைஃபன் குழாயைப் பிடித்தால் முக்கால்வாசி வாளிக்குப் போய்விடும். ஒரு கல்லைக்கூட அசைக்க வேண்டாம். அசைத்தே ஆகவேண்டும் என்றாலும், கேபிள் டையை வெட்டி அந்த ஒரு கல்லை மட்டும் தூக்கலாம். ஒட்டிய அமைப்பில் இது நடக்காது. நண்பர் ஒருவர் தொட்டியில் சண்டைக்கார டாம்செல் மீன் ஒன்றைப் பிடிக்க மொத்தக் கல்லையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியதைப் பார்த்தேன். நானே அந்த முறையில் கட்டியதில்லை. தனித்தனித் துண்டுகளாக ஒட்டினால் கஷ்டம் குறையலாம்.

மண்ணைத் தோண்டும் கோபி மீனோ பிஸ்டல் இறாலோ வளர்ப்பவர்களுக்கும் சட்டம் நல்லது. கால்கள் நேராகக் கண்ணாடியில் நிற்கும்படி வைத்துவிட்டு அப்புறம் மண்ணைக் கொட்டினால், அவை எவ்வளவு தோண்டினாலும் கல் சரியாது.

கட்டும்போது பைப்பில் கவனம் வேண்டும். பிவிசி பைப்பில் ஈயச் சேர்மானத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021இல்தான் வெளியிட்டது. அதனால் மாடியில் கிடக்கும் பழைய சாம்பல் நிறப் பைப்பை வெட்டிப் போடவேண்டாம். குடிநீருக்கான, ஈயம் இல்லை என்று அச்சிட்ட வெள்ளை யூபிவிசி பைப் வாங்குங்கள். முக்கால் இன்ச் போதும். ஒவ்வொரு துண்டிலும், எண்ட் கேப்பிலும்கூட, டிரில்லால் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துச் சட்டம் மிதக்கப் பார்க்கும், அல்லது நீர் தேங்கி அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். ஸ்டீல் ஸ்குரூ துருப்பிடிக்கும், பக்கமே போகாதீர்கள். நான் எல்போ, டீ எதற்கும் பசை போடவில்லை. இறுக்கித் தட்டிச் செருகியதே நிற்கிறது.

மறைப்பதும் சுலபம். பைப்பை உப்புத்தாளால் தேய்த்து, பிவிசி பசை தடவி, ஈரம் காயுமுன் ஆரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலில் உருட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுக் கழுவினால் வெள்ளை தெரியாது. மீதியை ஊதா நிறக் கோரலைன் பாசி மாதக் கணக்கில் மெதுவாகப் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு எடை தாங்கும்? என் தொட்டியில் இருப்பது ஒரு கையால் தூக்கும் கற்கள். ஒற்றைக் கல்லே பதினைந்து கிலோ என்றால் என் அனுபவம் போதாது. கால்களை நெருக்கிக் கொடுத்து, முதலில் தரையில் வைத்து ஏற்றிப் பாருங்கள். ஆரகோனைட் கல் நீருக்குள் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், வெளியே தாங்கியது உள்ளேயும் தாங்கும். இரண்டடித் தொட்டியில் நாலே நாலு கல் வைக்கப்போகிறவர்களுக்கு இத்தனை வேலையும் வேண்டாம். சும்மா அடுக்கினாலே கைவிட்டு எடுத்துக் கழுவிவிடலாம்.