வீட்டில் நிரப்பிய தோட்டா: லேபிளும் டப்பாவும் நாள்பட்ட புழக்கத்தில்

அமெரிக்காவில் வீட்டு மேசையில் தோட்டா நிரப்புகிறவர்கள், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (எரிமருந்து), குண்டு மூன்றையும் புதிதாக வைக்கிறவர்கள், பிரஸ் (அழுத்தும் கருவி), டை (கூட்டை வடிவாக்கும் அச்சு), தராசு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். லேபிளுக்கு மட்டும் கைக்குக் கிடைத்த துண்டுச்சீட்டு. நிரப்பிய வாரத்தில் அது போதும். இரண்டு வருடம் கழித்து டப்பாவைத் திறக்கும்போதுதான் சீட்டின் லட்சணம் தெரியும்.

அடிக்கடி கண்ணில் படும் தவறு, பவுடரின் பெயரை வெறும் எண்ணாக எழுதுவது. “4350” என்றால் எது? ஹாட்ஜ்டன் எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 என மூன்று பவுடர்கள் இருக்கின்றன. எரியும் வேகம் அருகருகே இருந்தாலும் ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றில் போட முடியாது. 4895-க்கும் இதே கதைதான்: எச் ஒன்று, ஐஎம்ஆர் ஒன்று. முன்னெழுத்து இல்லாத எண் லேபிளில் இருந்தும் இல்லாததுதான்.

“கூட்டின் அடியில்தான் பொறித்திருக்கிறதே” என்பார்கள். அந்தப் பொறிப்பு கூடு ஆலையில் என்னவாகப் பிறந்தது என்பதைச் சொல்லும். இப்போது என்னவாக இருக்கிறது என்பதை அல்ல. 300 பிளாக்அவுட் என்ற தோட்டா ரகத்தின் கூடுகளைப் பலரும் .223 ரெமிங்டன் ரகக் கூட்டை வெட்டித்தான் செய்கிறார்கள். கழுத்தில் .308 அங்குலக் குண்டு உட்கார்ந்திருக்கும், அடியில் “.223 ரெம்” என்றே இருக்கும். சில குண்டுகளோடு அது .224 அங்குலக் குண்டுக்கான 5.56 துப்பாக்கியின் அறைக்குள்ளும் நுழைந்து பூட்டிக்கொள்ளும். .224 அங்குலக் குழலில் அந்தக் குண்டு போக வழியில்லை, துப்பாக்கிதான் சிதறும். 300 பிளாக்அவுட், 5.56 இரண்டுக்கும் டப்பா நிறம் வேறு, அலமாரித் தட்டு வேறு, மேகஜினில் (துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் பெட்டி) சுற்றும் டேப்பின் நிறமும் வேறாக இருக்கட்டும். லேபிளை மட்டும் நம்புவது போதாது.

உருப்படியான லேபிள் இப்படி இருக்கும்: “.308 வின்செஸ்டர். குண்டு: சியரா மேட்ச்கிங் 168. பவுடர்: ஐஎம்ஆர் 4064, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், எடை. பிரைமர்: சிசிஐ 200. கூடு: லபுவா, 3ஆம் நிரப்பு. மொத்த நீளம்: 2.800 அங்குலம். நாள். எந்தத் துப்பாக்கிக்கு.” குண்டு எடையும் பவுடர் எடையும் கிரெய்ன் என்ற எடை அலகில்தான் சொல்லப்படுவதால், இரண்டு எண்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குழம்பும், முன்னால் “குண்டு”, “பவுடர்” என்று எழுதியே ஆக வேண்டும். பவுடர் எடை தசமத்துக்குப் பின் ஓர் இடம் வரை. “எந்தத் துப்பாக்கிக்கு” என்ற கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு போல்ட் துப்பாக்கிக்குப் பார்த்துப் பார்த்து ஏற்றிய அளவு, அதே காலிபரில் உள்ள இன்னொன்றுக்கு அதிகமாகிவிடலாம்.

இனி எதில் எழுதுவது. நேரடி தெர்மல் ஸ்டிக்கர், அதாவது கூரியர் பார்சலில் ஒட்டும் ரகம், அச்சிட்ட அன்று அழகு. வெயிலில் நின்ற கார் டிக்கியில் கறுக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும், வேண்டவே வேண்டாம். இங்க்ஜெட் அச்சு ஈரக்கை பட்டால் கசியும். பெர்மனென்ட் மார்க்கர் தண்ணீருக்கு அசையாது, துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட் ஒரு சொட்டு பட்டால் போய்விடும். பிரதர் பி-டச் லேமினேட் டேப்பில் எழுத்து மேலுறைக்கு அடியில் இருப்பதால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், கெட்டி அட்டையில் பென்சில் எழுத்தும் அதே அளவு தாங்கும்.

ஒட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. தோட்டா டப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதில் சாதாரணப் பசை பிடிக்காது, ஓரம் சுருண்டு உதிரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பசை கூடுதலான டேப்பை ஒட்டுங்கள். மூடியில் மட்டும் ஒட்டாதீர்கள்: கழன்று வரும் மூடியுள்ள ஒரே மாதிரி டப்பா நாலு மேசையில் திறந்து கிடந்தால் மூடிகள் இடம் மாறிவிடும். டப்பாவின் குறுகிய பக்கத்தில் ஒன்று, உள்ளே அட்டையில் அதே விவரம் இன்னொன்று. அடுக்கி வைத்தாலும் பக்கவாட்டு லேபிள் தெரியும்.

நிரப்பிய தோட்டாவுக்கு ராணுவ ரக இரும்பு அம்மோ கேன் (தோட்டாப் பெட்டி) நல்லது. வாங்கியதும் ரப்பர் கேஸ்கட்டைச் சோதியுங்கள்: ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுக்க வேண்டும், சுற்றிலும் எங்கேயும் லேசாக உருவி வரக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள், ஆகவே சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். குளிர்ந்த கராஜிலிருந்து கேனை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் பித்தளை வியர்க்கும். தோல் பெல்ட்டில் செருகிய தோட்டாவை அப்படியே மாதக்கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். அமோனியா கலந்த துடைப்பான் பித்தளையை உள்ளுக்குள் விரிசல் விட வைக்கும், கிட்டவே கொண்டுவராதீர்கள்.

இதே கேனில் பவுடரையும் வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. நெருப்பில் தனித் தோட்டா துப்பாக்கி அறைக்கு வெளியே வெடித்தால் கூடு கிழியும். குண்டுக்குச் சுட்டது போன்ற வேகம் வராது. பவுடரோ இறுக்கிப் பூட்டிய இரும்புக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறி வெடிகுண்டாகும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 நெறிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை பவுடர் அதன் மூலப் புட்டியிலேயே இருக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் குறைந்தது 1 அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி. மரம் சூட்டைத் தாமதப்படுத்தும், அழுத்தம் ஏறுமுன் விட்டுக்கொடுக்கும். பிரைமர் 10,000 வரை. உள்ளூர் சட்டம் இன்னும் குறைவாகச் சொல்லலாம். பிரைமரைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம்: ஒன்று பற்றினால் மொத்தமும் ஒரே நேரத்தில் போகும்.

பவுடர் புட்டியை மாதம் ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர் மாதிரி வாசனை வரும். காரமான அமில நெடி, செம்பழுப்புப் புகை, துருப்பொடி போன்ற தூள் இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் புட்டி முடிந்தது.

அடையாளம் தெரியாத தோட்டா எப்படியும் சேரும்: சட்டைப்பையில் மிஞ்சியது, தரையில் உருண்டது. அதை யூகத்தில் பழைய டப்பாவில் திரும்பச் செருகாதீர்கள். அதற்கென ஒரு சிவப்பு டப்பா வையுங்கள். இருபது முப்பது சேர்ந்ததும் சுத்தியல் வடிவப் புல்லர் என்ற கருவியால் தட்டிக் குண்டைக் கழற்றலாம், ரிம்ஃபயர் தோட்டாவை (கூட்டின் அடி விளிம்பிலேயே பற்றவைப்பு மருந்து உள்ளது) மட்டும் அதில் போடக் கூடாது. குண்டும் கூடும் மறுபடி உதவும். கொட்டிய பவுடரை மறுபடி நிரப்பாதீர்கள். புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிடுங்கள்.